யூதர் கிட்டங்கியின் அலமாரி

ஆமத்தூர்,
9-3-2025

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

பாண்டிமீனா எழுதுகிறேன். அம்மாவும் சித்தியும் நானும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். உங்கள் முதுகு வலி எப்படி இருக்கிறது? சிறைச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? போன் பேசக் கிடைக்கும் சில நிமிடங்களைச் சித்திக்கே கொடுத்துவிடுங்கள். எனக்குப் போனில் பேச்சு வராது. ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள் என்பதற்காகப் பள்ளிக்கூடத்தையே விட்டவள் நான். எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்கமாட்டார்கள்.

தீப்பிடித்து மூன்று வாரம் ஆகிறது. பட்டாசு அடுக்குகிற கிட்டங்கியை ஒட்டி நின்ற தகரக் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கறுப்பு மண் மட்டும்தான் இருக்கிறது. கம்பெனி ஆட்கள் தினமும் குழாய் வைத்துச் சுவரைக் கழுவுகிறார்கள். கறுப்புத் தண்ணீர் தெருச் சாக்கடையில் ஓடுகிறது. அதில் கோழிகள் கிளறுகின்றன. நேற்று பாண்டிச்செல்வியின் அப்பா அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். எனக்கு அதிலிருந்து கோழிமுட்டை சாப்பிடப் பிடிக்கவில்லை. தங்கத்தாய் அக்கா வீட்டிலும் பாண்டிச்செல்வி வீட்டிலும் பதினாறாம் நாள் காரியம் முடிந்துவிட்டது.

உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். இரண்டு வருடம் அந்தக் கிட்டங்கிக்குள் உட்கார்ந்து பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் ஒட்டியிருக்கிறேன். எல்லோரும் யூதர் கிட்டங்கி என்கிறார்கள். அது முன்பு என்னவாக இருந்தது? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பாண்டிமீனா


மத்திய சிறை, மதுரை
20-3-2025

பாண்டிமீனாவுக்குச் சித்தப்பா பலவேசம் எழுதுவது.

நான் சுகம். முதுகு வலி இருக்கிறது, ஆனால் சொல்லும்படி இல்லை. உன் அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை தீராமல் வாங்கி வை. இங்கே கடிதங்களைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் தருவார்கள். தீயைப் பற்றி எழுதாதே.

நீ கேட்டது பழைய கதை. நான் கேட்டறிந்ததைச் சொல்கிறேன். விருதுநகர்ப் பஞ்சு மார்க்கெட் பெரிதாக நடந்த காலத்தில் கொச்சியிலிருந்து யூத வியாபாரிகள் ஏழெட்டுக் குடும்பம் இங்கே வந்து தங்கியது. அவர்கள் கட்டிய ஜெப ஆலயம் அது. நீ உட்கார்ந்து ஒட்டிய கூடத்தில் ஆண்கள் நிற்பார்கள். பழைய சாக்குகளைப் போட்டு வைத்திருந்தோமே, அந்த மேல்மாடம் பெண்களுக்கு. மேற்குச் சுவரில் இருக்கும் இரட்டைக் கதவு மர அலமாரியில் அவர்களுடைய வேதச் சுருள் இருந்ததாம்.

பத்து ஆண்கள் சேர்ந்தால்தான் அவர்களுக்கு முழுத் தொழுகை. ஊரில் ஒன்பது பேர் ஆன பிறகு, கொச்சியிலிருந்து சரக்குப் பார்க்க யாராவது வருகிறார்களா என்று ரயில் ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பிவிட்டுக் காத்திருப்பார்களாம். பத்தாவது ஆள் வந்தால்தான் வாசிப்பார்கள். வராவிட்டால் அலமாரியைத் திறக்காமலே வீட்டுக்குப் போய்விடுவார்களாம்.

பிறகு எல்லோரும் இஸ்ரேலுக்குப் போனார்கள். போகும்போது சாவியை நம் முதலாளியின் தாத்தாவிடம் கொடுத்தார்கள். அவர் அவர்களிடம் பஞ்சு எடை போட்டவர். சுத்தமாக வைத்திருந்தால் போதும் என்று கேட்டுக்கொண்டார்களாம். அவர் சரி என்றார். அடுத்த வருடமே மிளகாய் வற்றல் மூடை அடுக்கினார். எண்பத்தாறில் பட்டாசு வந்தது. அந்த வருடம்தான் நானும் வந்தேன்.

இதெல்லாம் உனக்கெதற்கு? வெடிமருந்துப் பக்கம் மட்டும் போய்விடாதே.

சித்தப்பா


ஆமத்தூர்,
6-4-2025

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

எல்லோரும் நலம். அம்மாவுக்கு மாத்திரை இருக்கிறது. உங்களுக்கு முதுகில் தேய்க்கத் தைலம் கொடுத்தனுப்பச் சித்தி கேட்டாள், உள்ளே விடமாட்டோம் என்றார்களாம்.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. பசை இல்லை, மருந்து இல்லை. கிட்டங்கியைப் பெருக்கித் துடைக்கிற வேலை. முதலாளியின் மகன் ஸ்ரீராம்குமார் வெளியூர்ப் படிப்பு முடித்து வந்துவிட்டார். கட்டடத்தைப் பழையபடி ஆக்கப்போகிறார்களாம்.

சுவருக்கு மூன்று தடவை வெள்ளை அடித்தாகிவிட்டது. கொட்டகைப் பக்கச் சுவரில் புகைக்கறை மறுநாள் காலையில் திரும்ப வந்துவிடுகிறது, பழைய சோற்றில் பூஞ்சை பூத்த மாதிரி. அதன் மேல் பன்னீர் தெளிக்கிறார்கள். பெயிண்ட், பன்னீர், கரி மூன்றும் சேர்ந்த வாடையில் மத்தியானச் சோறு இறங்குவதில்லை. சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவருகிறேன்.

முதலாளி செவ்வாய்தோறும் வந்து அந்த அலமாரிக்கு முன்னால் சூடம் காட்டுகிறார். கதவின் இரண்டு கைப்பிடிகளையும் மஞ்சள் துணியால் சேர்த்துக் கட்டி அதில் ஓர் எலுமிச்சம்பழம் தொங்கவிட்டிருக்கிறார்.

கூடத்தின் நடுவில், தரையில் வட்டமாக ஒரு தடம் தெரிகிறது. நாங்கள் அதைச் சுற்றித்தான் உட்காருவோம். அங்கே என்ன இருந்தது? உங்களுக்கு எப்போது ஜாமீன் கிடைக்கும்?

பாண்டிமீனா


மத்திய சிறை, மதுரை
27-4-2025

பாண்டிமீனாவுக்கு,

நான் சுகம். வெயில்தான் தாங்கவில்லை. நீ மத்தியானம் சாப்பிடாமல் இருக்காதே.

அங்கே இருந்தது மரமேடை. சுற்றிலும் பித்தளைக் கம்பி. அதில் நின்றுதான் வேதத்தை வாசிப்பார்களாம். தொண்ணூற்று நான்கில் தீபாவளி லோடு அடுக்க இடம் போதவில்லை. முதலாளியின் அப்பா, பெரிய முதலாளி, "ஏலே பலவேசம், அத எடுத்துரு" என்றார். கோடரியை எடுத்தேன். ஒரு பகல் வேலை. நல்ல தேக்கு, லேசில் உடையவில்லை. பித்தளை பாத்திரக்கடைக்குப் போனது. மரத்தில் பாதி விறகு. மீதியை அறுத்து லேபிள் ஒட்டுகிற பலகை செய்தோம். இரண்டு வருடம் நீ மடியில் வைத்து ஒட்டினாயே, அது அந்த மேடைதான்.

அலமாரியை உடைக்க எனக்கு மனம் வரவில்லை. அதில் எண்பத்தாறிலேயே லட்சுமி படத்தை வைத்திருந்தோம். ஆயுத பூஜைக்கு முதலாளிமார் மெயின் கம்பெனியோடு சரி, கிட்டங்கிப் பக்கம் வரமாட்டார்கள். நாங்களே பொரி கடலை வாங்கிக் கொண்டாடுவோம். அந்த சீசனுக்கு வந்த புதுப் பட்டாசின் முதல் லேபிளை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, இருப்பதிலேயே சின்ன ஆள் வருடத்தோடு கையெழுத்துப் போடவேண்டும். போன வருடம் நீ போட்டாய். நினைவிருக்கிறதா?

ஜாமீன் விஷயத்தை வக்கீல் ராஜபாண்டியன் பார்த்துக்கொள்கிறார். நீ அதைப் பற்றிக் கவலைப்படாதே.

சித்தப்பா


ஆமத்தூர்,
18-5-2025

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கு சுகம் என்றுதான் எழுதவேண்டும். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது?

என் பலகை வீட்டில் கிடந்தது. அம்மா அதில் கருவாடு அரிந்துகொண்டிருந்தாள். பிடுங்கிச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். கருவாட்டு வாடையும் போகவில்லை, பசை வாடையும் போகவில்லை. பரண்மேல் போட்டுவிட்டேன்.

புதன்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். பெயிண்டர் சிவபாண்டி அலமாரியில் கை வைத்தார். முதலாளி வாசலிலிருந்தே கத்தினார்.

"ஏலே, கைய எடுலே! அது அவுக கருவறைலே!"

"உள்ளயும் ஒரு கோட்டிங் அடிச்சிருவோம் மொதலாளி. செல்லு அரிச்சிருக்கும்."

"வெளிய மட்டும் அடி. ரெண்டு உசுர வாங்குன சாமிலே அது. எம்புட்டுக் கோவத்துல இருக்கோ."

ஸ்ரீராம்குமார் சிரித்தார். "உள்ள ஒண்ணும் இருக்காதுப்பா."

"ஒன் படிப்ப வாசலோட வச்சுக்க. எங்க தாத்தா குடுத்த வாக்கத் தப்பிட்டோம்னுதான் அடிச்சிருச்சு."

அந்தச் சாமி எழுபது வருடத்துக்கு முன்பே கப்பலேறிப் போய்விட்டது. இவர் கொன்றதை அதன் தலையில் வைக்கிறார். வைத்துவிட்டு அதற்கே சூடம் காட்டுகிறார். அந்த எலுமிச்சம்பழத்தையும் யாரும் தொடக்கூடாதாம். அது அழுகி ஒழுகுகிறது. கதவில் வழிந்ததைத் துடைப்பது என் வேலை. கையை எத்தனை தடவை கழுவினாலும் மூக்கில் அந்த நாற்றம் நிற்கிறது.

இன்னொன்று. வருகிறவர்களிடமெல்லாம் இவர்கள் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? கட்டடம் எப்போதும் ஆலயமாகவே இருந்ததாம். உள்ளே ஒரு பட்டாசுகூட வைத்ததில்லையாம். பக்கத்தில் இருந்த கொட்டகையைப் பலவேசம் கம்பெனிக்குத் தெரியாமல் சொந்தமாகப் போட்டு மருந்து அடைத்தாராம். கட்டடம் கிட்டங்கி என்று ஆகிவிட்டால் கொட்டகையும் கம்பெனிக் கொட்டகை ஆகிவிடும், பிறகு முதலாளிதான் கோர்ட்டில் நிற்கவேண்டும், அதனால்தான் இந்த வேலை என்று சிவபாண்டி மெதுவாகச் சொன்னார்.

தீயைப் பற்றி எழுதாதே என்றீர்கள். இதை எழுதாமல் எதை எழுதுவது? மறுத்துச் சொல்லுங்கள் சித்தப்பா. கோர்ட்டில் சத்தமாகச் சொல்லுங்கள்.

பாண்டிமீனா


ஆமத்தூர்,
29-6-2025

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலமா? நான் எழுதி ஆறு வாரமாகியும் உங்களிடமிருந்து கடிதம் இல்லை. போனில் நன்றாகப் பேசுகிறீர்கள் என்று சித்தி சொல்கிறாள். என் பெயரைச் சொன்னால் பேச்சை மாற்றுகிறீர்களாம். கட்டடத்தைப் பற்றி நான் கேட்டது ஏதாவது தப்பா? போன கடிதத்தில் கேட்டதற்கு ஒரு வரி போதும்.

பாண்டிமீனா


மத்திய சிறை, மதுரை
11-7-2025

பாண்டிமீனாவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. கண்ணும் நன்றாகத் தெரிகிறது.

போன வாரத்துப் பேப்பர் ஒன்று இங்கே கைக்கு வந்தது. அதில் அந்தக் கட்டடத்தின் படம். வாசலில் பாவாடை தாவணி கட்டி, தலை நிறையப் பூ வைத்து, கை கூப்பிக்கொண்டு ஒரு பெண் நிற்கிறாள். "நூற்றாண்டு ஆலயத்தின் வரலாற்றைச் சொல்லும் கிராமத்துச் சிறுமி" என்று கீழே போட்டிருக்கிறது. பெருக்கித் துடைக்கிற வேலை என்று எழுதினாய்.

பத்தாவது ஆளுக்காக ஸ்டேஷனில் காத்திருந்த கதையும் அதில் வந்திருக்கிறது. அதை நான் உனக்குத்தான் சொன்னேன்.

நீ அங்கே என்ன பேசுகிறாய் என்று அப்படியே எழுது.

சித்தப்பா


ஆமத்தூர்,
20-7-2025

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

அப்படியே எழுதுகிறேன்.

"அனைவருக்கும் வணக்கம். இந்த ஆலயம் மூன்று தலைமுறைகளாக எங்கள் முதலாளியின் குடும்பத்தாரால் புனிதம் கெடாமல் பேணப்பட்டு வருகிறது. வழிபாட்டைத் தவிர வேறு எதற்கும் இது பயன்படுத்தப்பட்டதில்லை."

பிறகு மாடம், பத்து ஆண்கள், ரயில். அது நீங்கள் சொன்னது. ஸ்ரீராம்குமார் கேட்டு வரச் சொன்னார். அதற்காகத்தான் முதல் கடிதமே எழுதினேன். சும்மா தெரிந்துகொள்ள என்றது பொய். உங்கள் உடம்பை விசாரித்தது மட்டும் பொய்யில்லை.

ஏன் என்னைப் பிடித்தார்கள் என்று முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. பலவேசத்தின் அண்ணன் மகளே சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்? பதினெட்டு வயது ஆகாததால் என் பெயர் எந்த ரிஜிஸ்டரிலும் இல்லை. நான் அங்கே வேலை பார்த்ததே இல்லை. இந்தப் பேச்சைக் கேட்டால் இரண்டு வீட்டுக்கும் அரிசி வரும் என்றார்கள். அம்மா சரி என்றாள். எனக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

முதல் நாள் பேசி முடித்ததும் கட்டடத்துக்குப் பின்னால் ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். எடுத்துவிட்டுப் பார்த்தால் நான் நின்றது அந்தக் கறுப்பு மண்ணில். பாண்டிச்செல்வி உட்காருகிற இடம். மண்ணை அள்ளி மூடினேன். அந்த மண்ணையும் என்னால் பார்க்க முடியவில்லை. அன்றிலிருந்து கண்ணாடி பார்த்துத் தலை சீவுவதில்லை. வாசலில் நிற்கும்போது பூவை அவர்களே வைத்துவிடுகிறார்கள்.

போன வாரம் ஒருநாள் ஸ்ரீராம்குமாரிடம், "சித்தப்பா கேஸுக்கு இது கெடுதல் இல்லையா?" என்று கேட்டுவிட்டேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை. அவர் போனில் ஒரு படத்தைக் காட்டினார்.

"ஒன் சித்தப்பாவே எழுதிக் குடுத்துட்டாரு. ஒனக்கென்ன?"

கொட்டகை என்னுடையது, கம்பெனிக்குத் தெரியாது என்று இருந்தது. கீழே உங்கள் கையெழுத்து. தேதி பிப்ரவரி இருபத்தாறு. நான் முதல் கடிதம் எழுதுவதற்கு முன்பே.

மறுத்துச் சொல்லுங்கள் என்று நான் எழுதியபோது எப்படிப் படித்தீர்கள்? எனக்கு அருவருப்பாக இருக்கிறது சித்தப்பா. அவர்கள்மேல் இருந்தது, என்மேல் இருந்தது, இப்போது உங்கள்மேலும்.

உடம்பை விசாரிக்க இன்று மனமில்லை.

பாண்டிமீனா


மத்திய சிறை, மதுரை
17-8-2025

பாண்டிமீனாவுக்கு,

உன் கடிதத்தை மடித்துத் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். சுகத்தைப் பற்றி நானும் எழுதவில்லை.

கையெழுத்துப் போட்டேன். வக்கீல் ராஜபாண்டியன் முதலாளி அனுப்பியவர். "ரெண்டு மாசம் உள்ள இரு, வெளிய எடுத்துருவோம். ஒன் வீட்டையும் அண்ணன் வீட்டையும் மொதலாளி பாத்துக்கிருவாக" என்றார். உன் அப்பா போன பிறகு இரண்டு வீட்டுக்கும் நான்தானே. அதைத்தான் காரணமாகச் சொல்லிக்கொண்டேன்.

காரணம் அது மட்டுமில்லை. தீப்பிடித்த அன்று காலை பத்து மணிக்கே தகரம் கொதித்தது. தங்கத்தாய் கையெல்லாம் அலுமினியப் பொடியோடு வெளியே வந்து, "அண்ணே, உள்ள அனலா அடிக்கி. வெயில் தாழ அடைப்போம்ணே" என்றாள். முதலாளி அப்போதுதான் போனில் லோடு லோடு என்று கத்தியிருந்தார். நானும் அவளிடம், "லாரி வந்து நிக்கி, போய் ஒக்காருத்தா" என்றேன். முதலாளி சொன்னதைத்தான் சொன்னேன். ஆனால் அவள் காதில் விழுந்தது என் குரல்.

அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போடும்போது, நமக்கு இது வேண்டியதுதான் என்று தோன்றியது. அது முதலாளிக்குச் சௌகரியமாகப் போயிற்று.

என்மேல் உனக்கு அருவருப்பு வந்தது தப்பில்லை. நீ அந்த வாசலில் நிற்காதே. அரிசி வராவிட்டால் போகட்டும்.

சித்தப்பா


ஆமத்தூர்,
15-9-2025

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது. சித்தி நன்றாக இருக்கிறாள். உங்கள் முதுகு எப்படி இருக்கிறது? கேட்காமல் விட்டது எனக்கே உறுத்திக்கொண்டிருந்தது.

நிற்காதே என்று எழுதியிருந்தீர்கள். நேற்று ஒருநாள் நின்றேன். நேற்றுதான் திறப்பு விழா. ஷாமியானா போட்டு, தாசில்தாரை அழைத்து, பத்திரிகைக்காரர்களுக்குக் கேசரி கொடுத்தார்கள். கொட்டகை இருந்த இடத்தில் புல்தரை பதித்திருந்தார்கள். கேசரி சாப்பிட்ட இலைகள் அதில்தான் கிடந்தன.

இஸ்ரேலிலிருந்து சிப்போரா என்று ஓர் அம்மா வந்திருந்தார். இதே ஊரில் பிறந்தவர். எட்டு வயதில் போனாராம், இப்போது எழுபத்தொன்பது. அவருடைய அப்பா அந்த ஒன்பது பேரில் ஒருவர். தமிழும் மலையாளமும் கலந்து பேசினார். நடக்க முடியவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வந்தார்.

மைக்கைக் கொடுத்தார்கள். "அனைவருக்கும் வணக்கம்" என்று தொடங்கினேன். மூன்று தலைமுறை வரை சொன்னேன். "வழிபாட்டைத் தவிர" என்று சொல்லும்போது அந்த அம்மா தரையில் இருக்கும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குட்டி, இவிடே ஒரு மேடை இருந்நு. அது எவிடே?"

ஸ்ரீராம்குமார் முன்னால் வந்து, "செல்லு அரிச்சிருச்சும்மா, மரம்ல" என்றார். தேக்கைச் செல் அரித்ததாம். அந்த அம்மா தலையாட்டிவிட்டு அலமாரிப் பக்கம் நடந்தார். எலுமிச்சம்பழத்தைப் பார்த்து மூக்கைப் பொத்தினார்.

"இது எந்தா?"

முதலாளி கையைக் கட்டிக்கொண்டு பயபக்தியோடு சொன்னார். "ஒங்க கருவறை தாயி. நாங்க தொறக்கவே இல்ல. ஒங்க சாமி உள்ள அப்படியே இருக்கு."

அந்த அம்மா சிரித்துவிட்டார். "அதினுள்ளே ஒண்ணும் இல்லா. சுருள் எல்லாம் அப்பன் என் பாவாடையில் சுற்றி எடுத்துக்கொண்டு போயி. காலி அலமாரி. துறக்கு குட்டி, பார்க்கட்டே."

முதலாளி என்னைப் பார்த்தார். "ஏத்தா, வேண்டாம். தெய்வக்குத்தம் வந்துரும்."

அவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது சித்தப்பா. ஆயுத பூஜைக்கு ஒருமுறையாவது கிட்டங்கிக்கு வந்திருந்தால் தெரிந்திருக்கும். பயப்படாமல் சிவபாண்டியை உள்ளே ஒரு கை அடிக்க விட்டிருந்தாலும் எல்லாம் மறைந்திருக்கும். அவர் சாமிக்குத்தான் பயந்தார். எங்களுக்குப் பயப்படவில்லை.

மஞ்சள் துணியின் முடிச்சு அழுகல் நீரில் ஊறிப் பிசுபிசுத்தது. நகத்தால் அவிழ்த்தேன். பழம் என் பாவாடையில் விழுந்து வழிந்தது. கதவு இரண்டையும் இழுத்துத் திறந்தேன்.

முதலில் தெரிந்தது லட்சுமி படம், காய்ந்த மாலையோடு. அதைப் பார்த்ததும் முதலாளி சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். எல்லோரும் பார்க்கிறார்கள், அப்போதும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகுதான் அவர் கதவைப் பார்த்தார். கை கன்னத்திலேயே நின்றுவிட்டது.

முப்பத்தொன்பது லேபிள்கள். சேவல், ராக்கெட், பொம்மை, மயில். ஒவ்வொன்றிலும் கம்பெனிப் பெயர், சந்தனப் பொட்டு, வருடம், ஒரு கையெழுத்து.

"இது எந்தா? படக்கமா?" என்றார் அந்த அம்மா.

மைக் என் கையிலேயே இருந்தது. "ஆமாம்மா, பட்டாசு. எண்பத்தாறுல இருந்து இங்கனதான் அடுக்குனாக. இது கிட்டங்கி. நான் இங்கன உக்காந்துதான் லேபிள் ஒட்டுனேன். ரெண்டு வருசம். இந்தக் கடைசிக் கையெழுத்து என்னது. இம்புட்டு நேரம் நான் சொன்னது பொய்."

என் குரல் ஸ்பீக்கரில் எங்கோ வெளியே கேட்டது. வேறு யாரோ பேசுகிற மாதிரி இருந்தது.

போன வருட லேபிள் உங்களுக்கு நினைவிருக்கிறதா? பசை காயாமல் சுருண்டுகொண்டது. தங்கத்தாய் அக்கா கொட்டகை வேலையிலிருந்து அப்படியே எழுந்து வந்து, நான் கையெழுத்துப் போடும்வரை உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்திருந்தார். "சீக்கிரம் போடுட்டி, கை நோவுது" என்றார். லேபிளுக்குப் பக்கத்து மரத்தில் அந்தக் கை அப்படியே இருக்கிறது. மருந்தில் கலக்கிற அலுமினியப் பொடி. வெள்ளி நிறத்தில் ஐந்து விரல், ரேகையோடு. பத்திரிகைக்காரர் ஒருவர் அதைக் கிட்டத்தில் படம் எடுத்தார். தாசில்தார் கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தன் போனில் தானும் எடுத்தார்.

"அவ பேச்சக் கேக்காதீக, புத்தி சரியில்லாத புள்ள" என்று ஸ்ரீராம்குமார் சொன்னார். யாரும் திரும்பவில்லை. பாண்டிச்செல்வியின் அப்பா கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். உள்ளே வந்து அலமாரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். போலீஸ் வந்து பூட்டும்வரை அங்கேயே நின்றார், யாரையும் தொடவிடவில்லை.

வீட்டுக்கு வந்து பரணிலிருந்து பலகையை எடுத்துக்கொண்டு ஓடினேன். அந்த அம்மா காரில் உட்கார்ந்திருந்தார். மேடை இதுதான் என்று கொடுத்தேன், எங்கள் சித்தப்பாதான் உடைத்தார் என்றும் சொன்னேன். முகர்ந்து பார்த்தார். "மீன்" என்றார். மடியில் வைத்துக்கொண்டார். என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அரிசி இனி வராது. அம்மா என்னோடு பேசவில்லை. சித்தி மட்டும் சோறு போட்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு தட்டை வழித்துச் சாப்பிட்டேன்.

ஒன்று விட்டுப்போனது. கதவின் அடி வரிசையில் முதல் லேபிள், எண்பத்தாறு. அதில் உங்கள் கையெழுத்து இருக்கிறது. கோணல்மாணலாக, பெரிது பெரிதாக. அதுவும் நீங்கள் போட்டதுதான், பிப்ரவரியில் போட்டதும் நீங்கள் போட்டதுதான். எது நிற்கவேண்டும் என்று நான் சொல்லமுடியாது.

பாண்டிமீனா


மத்திய சிறை, மதுரை
1-10-2025

பாண்டிமீனாவுக்கு,

முதுகு வலிக்கிறது. இனி கேட்டால் உண்மையைத்தான் சொல்வேன்.

ராஜபாண்டியன் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இலவச சட்ட உதவியில் ஒரு சின்ன வயது வக்கீலம்மா வந்தார். பிப்ரவரியில் போட்ட கையெழுத்தை எப்படி வாங்கினார்கள் என்று சொன்னேன். தங்கத்தாய் வெளியே வந்து கேட்டதையும், நான் சொன்ன பதிலையும் சொன்னேன். "ரெண்டாவதச் சொல்ல வேண்டாம்ணே, ஒங்களுக்கே பாதகமா முடியும்" என்றார். சேர்த்துத்தான் எழுதவேண்டும் என்றேன். எழுதிக்கொண்டார். எனக்கு எத்தனை வருடம் விழும் என்று அவருக்கும் தெரியவில்லை. முதலாளியை நேற்று விசாரணைக்குக் கூட்டிப்போனதாகச் சொன்னார்.

இன்று ஆயுத பூஜை. இங்கே தறிக்கூடத்தில் சந்தனம் வைத்தார்கள். நான் போகவில்லை.

நீ மைக்கில் பேசினாய் என்று சித்தி சொன்னபோது நான் நம்பவில்லை. அடுத்த வியாழக்கிழமை காலை போன் வரும். சித்தியிடம் சொல்லிவிட்டேன், அவள் எடுக்கமாட்டாள்.

நீ எடு.

சித்தப்பா